முறுக்கு முதல் அதிரசம் வரை: வீட்டுப் பட்சணம் கெடாமல் வைப்பது எப்படி?

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு மூன்றாம் நாளே நமத்துப் போனால் பழி பெரும்பாலும் டப்பாவின் மேல்தான் விழும். மூடி சரியில்லை, மழைக்காலம், பிள்ளைகள் திறந்து வைத்துவிட்டார்கள் என்போம். இவையும் காரணம்தான். ஆனால் டப்பாவுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. உள்ளே என்ன போனதோ அதை அப்படியே காக்கும். நன்றாகக் காய்ந்த முறுக்கை வைத்தால் காய்ந்தபடியே இருக்கும். நடுவில் ஈரம் மிஞ்சிய முறுக்கை வைத்தால், அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் டப்பா முழுக்கப் பரவும். அதனால் பட்சணத்தைப் பாதுகாக்கும் வேலை எண்ணெய்ச் சட்டியிலேயே தொடங்கிவிடுகிறது.

பட்சணம் நான்கு விதமாகக் கெடும். ஈரம் ஏறினால் நமக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டால் காறல் வாடை வரும். இனிப்பில் நீர் மிஞ்சினால் பூசணம் பூக்கும். நான்காவது எறும்பும் பூச்சியும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது. உதாரணமாக, நமத்த முறுக்கை மீட்கலாம், காறல் ஏறிய முறுக்கை மீட்கவே முடியாது. எது எதனால் கெடுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுப்பில் கவனிக்க வேண்டியவை

நன்றாகப் பொரித்த முறுக்கில் மிஞ்சும் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கை ஒட்டித்தான் இருக்கும். அது இரட்டித்தாலே கடிக்கும்போது சத்தம் வராது. அவ்வளவு சிறிய இடைவெளிதான் மொறுமொறுப்புக்கும் நமப்புக்கும் நடுவே இருக்கிறது.

மாவைப் பிழிந்து எண்ணெயில் விட்டதும் பொங்கி வரும் குமிழ்கள் எல்லாம் மாவிலிருந்து வெளியேறும் நீராவி. சலசலப்பு கேட்கும்வரை உள்ளே நீர் இருக்கிறது என்று அர்த்தம். குமிழ் குறைந்து, ஓசை அடங்கி, முறுக்கைச் சுற்றி அங்கொன்று இங்கொன்றாகக் குமிழ் வரும்போது எடுக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் நிறத்தைப் பார்த்து எடுப்பார்கள், அங்கேதான் தவறு நடக்கிறது. தீ அதிகமாக இருந்தால் வெளிப்புறம் பொன்னிறம் ஆகிவிடும், நடுப்பகுதி வேகாமல் நிற்கும். அப்படி எடுத்த முறுக்கு அன்றைக்கு மொறுமொறுவென்றுதான் இருக்கும். ராத்திரிக்குள் நடுவிலிருந்த ஈரம் வெளிப்பக்கம் ஊறி, மறுநாள் காலை நமத்திருக்கும்.

எண்ணெயின் சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. வெப்பமானி இல்லையென்றால் மிளகு அளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் ஓரிரு நொடியில் மேலே வந்தால் சரியான சூடு. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, முறுக்கு எண்ணெய் குடிக்கும். போட்டவுடன் மேலே வந்து சிவந்தால் சூடு அதிகம். மாவை விடும்போது மட்டும் சூடு நன்றாக இருக்க வேண்டும். பிறகு நடுத்தரத் தீ. ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு ஈட்டுக்கு மூன்று நான்கு முறுக்குக்கு மேல் போட வேண்டாம், எண்ணெய் சட்டென்று ஆறிவிடும்.

முதல் ஈடு எடுத்ததும் ஒரு முறுக்கை ஆறவைத்து உடைத்துப் பாருங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவறவே விடக் கூடாது. உடைந்த இடம் உள்ளும் புறமும் ஒரே நிறமாக, சிறு சிறு துளைகளோடு இருந்தால் நன்றாக வெந்திருக்கிறது. நடுவில் வெளுத்த கோடு ஒன்று தெரிந்து, நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கினால் அடுத்த ஈட்டுக்குத் தீயைக் குறைத்து ஒரு நிமிடம் கூடுதலாக விட வேண்டும்.

மாவிலும் கவனம் வேண்டும். நான்கு கப் பச்சரிசி மாவுக்கு ஒரு கப் வறுத்து அரைத்த உளுந்து மாவு என்றால் வெண்ணெய் இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். வெண்ணெய் கூடினால் முறுக்கு எண்ணெயில் பிரிந்து போகும், எண்ணெயும் அதிகம் குடிக்கும், அதிக எண்ணெய் குடித்தது சீக்கிரம் காறும். தட்டையில் போடும் கடலைப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். வடித்துத் துணியில் பரப்பி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்த்திய பிறகுதான் மாவில் சேர்க்க வேண்டும். தட்டை கெட்டியாகத் தட்டினாலும், முள்கரண்டியால் குத்தாமல் விட்டு உப்பிக்கொண்டாலும் பருப்பைச் சுற்றி ஈரம் தங்கும். சீடையில் தேங்காய் போட்டால் ருசிதான், ஆனால் அதைச் சிவக்க வறுத்துத்தான் போட வேண்டும். அப்படியும் தேங்காய் போட்ட சீடைக்கு ஆயுள் குறைவு. நிறைய நாள் வைக்க வேண்டியதில் தேங்காயை விட்டுவிடலாம். பச்சை வெங்காயம், பச்சைப் பூண்டு விழுது சேர்த்ததை அன்றோ மறுநாளோ தீர்த்துவிடுவது நல்லது.

மிக்சருக்குக் கறிவேப்பிலை பொரிக்கும்போது அவசரம் வேண்டாம். கழுவிய கறிவேப்பிலையைத் துணியில் முழுக்க உலர்த்தி, எண்ணெயில் போட்டு, நொறுக்கினால் தூளாகும் பதத்தில் எடுக்க வேண்டும். வதங்கிய கறிவேப்பிலை ஒரு கைப்பிடி போதும், ஒரு டின் மிக்சரையும் நமக்கவைக்க.

எந்த எண்ணெய்?

காறலுக்குக் காரணம் எண்ணெயும் காற்றும் வெளிச்சமும் சூடும். சூரியகாந்தி எண்ணெயில் பல்நிறைவுறாக் கொழுப்பு அதிகம், அது காற்றோடு எளிதில் வினைபுரியும். கடலை எண்ணெய் அதைவிடத் தாங்கும். தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தவை, இன்னும் கூடுதலாகத் தாங்கும். கேரளத்து நேந்திரங்காய் வறுவல் தேங்காய் எண்ணெயில் பொரித்துப் பல நாள் நிற்பது இதனால்தான். நம் வீட்டுப் பட்சணத்துக்கு நல்ல கடலை எண்ணெய் போதும். செக்கு எண்ணெயாக இருந்தால் பொரிக்கும்போது நுரைத்துப் பொங்க வாய்ப்புண்டு, சட்டியில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

பல நாள் வைக்கும் பட்சணத்துக்குப் புது எண்ணெய்தான் வேண்டும். ஏற்கெனவே அப்பளம், வடை பொரித்த எண்ணெய் பாதி கெட்டுப்போனது. அதில் சுட்ட முறுக்குக்கு முதல் நாளே வயதாகிவிடுகிறது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒரே நாளில் பல வகை செய்தால் வரிசை முக்கியம். முதலில் முறுக்கு, தட்டை, சீடை. பிறகு ஓமப்பொடி, காராசேவு போன்ற கடலைமாவுப் பட்சணம். மிளகாய்த்தூள் கலந்தது கடைசியில். ஈட்டுக்கு ஈடு அடியில் விழும் தூளைச் சல்லிக் கரண்டியால் அரித்து எடுத்துவிடுங்கள். கருகிய தூள் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும்.

எண்ணெய் வடியவைக்கச் செய்தித்தாளில் பரப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. அச்சு மை சூடான எண்ணெயில் கரைந்து பட்சணத்தில் ஏறும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லேயே இதை எச்சரித்திருக்கிறது. வடிதட்டு நல்லது, அல்லது மூங்கில் தட்டின் மேல் வெள்ளைப் பருத்தித் துணி. கிண்ணத்தில் குவித்து வைத்தால் அடியில் இருப்பது வடிந்த எண்ணெயில் ஊறும், நீராவியும் மேலே உள்ளதில் ஏறும்.

ஆறவிடுவது

சூடாக மூடினால் மூடியில் வியர்க்கும், நீர் சொட்டும், நமக்கும். இது எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பயந்து இரவு முழுக்கத் தட்டில் திறந்து வைப்பவர்கள் அதிகம், அதுவும் தவறுதான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாளில் காற்றே ஈரமாக இருக்கிறது. ஆறிய முறுக்கு அந்த ஈரத்தை விடாமல் உறிஞ்சும். ஓமப்பொடி போன்ற மெல்லியது ஒரு மணி நேரத்திலேயே துவளத் தொடங்கும்.

மெல்லிய வகைக்கு இருபது முப்பது நிமிடம், முறுக்கு தட்டைக்கு முக்கால் மணி, கெட்டியான சீடைக்கு ஒரு மணி நேரம் போதும். ஆறிவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. உலர்ந்த சிறு கண்ணாடிப் புட்டியில் நான்கைந்து துண்டு போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். உட்புறம் மங்கலாகப் பனி படிந்திருந்தால் இன்னும் சூடு இருக்கிறது. தெளிவாக இருந்தால் உடனே எல்லாவற்றையும் டப்பாவில் அடுக்கிவிடலாம். சமையலறையில் சாதமோ சாம்பாரோ கொதித்துக்கொண்டிருந்தால் பட்சணத்தை வேறு அறையில் ஆறவையுங்கள்.

டப்பா

பார்க்க வேண்டியது இரண்டு: மூடி இறுக்கமா, வெளிச்சம் புகாதா. எவர்சில்வர் சம்படம் இரண்டுக்கும் பொருந்தும், மூடி மட்டும் நெளியாமல் இருக்க வேண்டும். பழைய பிஸ்கட் டின்னும் நல்லதுதான், துரு இல்லாதவரை. கண்ணாடி ஜாடி வாடை பிடிக்காது, ஆனால் வெளிச்சம் உள்ளே போகும். அலமாரிக்குள் வைத்தால் குறையில்லை. பிளாஸ்டிக்கில் முன்பு வைத்த ஊறுகாய், மசாலா வாடை தங்கும், எண்ணெய்ப் பிசுக்கும் முழுதாகப் போகாது. அந்தப் பழைய பிசுக்கு காறிப்போயிருந்தால் புதுப் பட்சணத்துக்கும் வாடை ஏறும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். செம்பு எண்ணெயைக் காறச் செய்வதில் மகா வேகம். அலுமினியம் உப்போடு சேர்ந்து அரிக்கும்.

மூடியைச் சோதிக்க, சம்படத்தில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடியுங்கள். சொட்டினால் காற்றும் போகும். வேறு டப்பா இல்லாவிட்டால், வாயின் மேல் தடித்த பாலித்தீன் தாளை விரித்து அதன்மேல் மூடியை அழுத்தி மூடலாம்.

டப்பாவைக் கழுவுவது பட்சணம் செய்யும் நாளில் கூடாது. முந்தின நாளே கழுவி, வெயிலிலோ சூடான அடுப்பின் அருகிலோ காயவைக்க வேண்டும். விளிம்பு மடிப்பிலும் மூடியின் வளையத்திலும் நீர் நிற்கும். துணியால் துடைத்தாலும் அது வராது. மூடியைத் தட்டித் தட்டி உதறிப் பார்த்தால் தெரியும்.

டப்பாவின் அளவு பலரும் யோசிக்காத விஷயம். பாதி காலியான பெரிய டின்னில் உள்ள காற்று, முறுக்கைக் காறவைக்கப் போதும். பத்து லிட்டர் டின் ஒன்றில் எல்லாவற்றையும் கொட்டுவதைவிட மூன்று சிறு சம்படங்களில் வாய்வரை நிரப்புவது நல்லது. ஒன்றை மட்டும் தினமும் திறக்க வெளியே வையுங்கள். மற்றவை அவரவர் முறை வரும்வரை திறக்கப்படாமல் உள்ளே இருக்கட்டும். எந்தத் தேதியில் செய்தது என்று ஒரு சிறு தாளில் எழுதி மேலே ஒட்டிவிடுங்கள். உடையாமல் இருக்க, பெரிய முறுக்கை அடியில், நொறுங்குவதை மேலே அடுக்குங்கள்.

இனிப்பையும் காரத்தையும் ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது. லட்டில் உள்ள ஈரம் முறுக்குக்கு இடம் மாறும். லட்டு வறண்டுவிடும், முறுக்கு நமத்துவிடும், இரண்டும் கெட்டதுதான் மிச்சம். அதேபோல் பழைய மிக்சரின் மேல் புதிய மிக்சரைக் கொட்டக் கூடாது. ஈரக் கையால் எடுக்கக் கூடாது, காய்ந்த கரண்டி ஒன்றை டப்பாவோடு வைத்துக்கொள்ளலாம். அடுப்பு மேடை, குளிர்சாதனப் பெட்டியின் மேற்பரப்பு இரண்டும் சூடான இடங்கள். நிழலான அலமாரி சிறந்தது.

உப்பு மூட்டை உதவுமா?

டப்பாவுக்குள் துணியில் கட்டிய உப்பு வைத்தால் நமக்காது என்பார்கள். சுத்தமான உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் தாண்டினால்தான் நீரை இழுக்கும். முறுக்கு அதற்கு வெகு முன்பே நமத்துவிடும். கல்லுப்பு கொஞ்சம் முன்னதாகக் கசியும். ஆனால் கசிந்த நீர் துணி வழியே பட்சணத்தில் படும். ஆகவே உப்பை விட்டுவிடலாம். வெறும் வாணலியில் பச்சரிசியை நிறம் மாறும்வரை வறுத்து, ஆறவைத்து, ஒரு கைப்பிடியை மெல்லிய துணியில் கட்டி அடியில் போட்டால் ஓரளவு உதவும். நான்கைந்து நாளைக்கொரு முறை மறுபடி வறுத்து வைக்க வேண்டும். உணவுக்கென்றே விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஒரு லிட்டர் டப்பாவுக்கு 5 கிராம் போதும். செருப்புப் பெட்டியில் வந்த பொட்டலத்தையோ நீல மணிகள் உள்ளதையோ போடாதீர்கள். அந்த நீலம் கோபால்ட் உப்பு, நஞ்சு. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எந்தப் பொட்டலமும் வேண்டாம், வறுத்த அரிசியே நல்லது. எதுவானாலும், மூடி இறுக்கமில்லாத டப்பாவில் இவை எல்லாம் வீண்.

இனிப்புகள்

காரம் நமத்தால் ருசிதான் போகும். இனிப்பில் பூசணம் வந்தால் உடம்புக்கே கேடு. நீர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே இங்கும் கணக்கு. சர்க்கரையும் வெல்லமும் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால்தான் இனிப்பு கெடாமல் இருக்கிறது. பாகு இளகலாக இருந்தால் அந்தப் பிடி தளரும்.

அதிரசத்தில் அதிகம் தவறு நடக்கிறது. பாகை உருட்டுப் பதத்தில், அதாவது தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருண்டு வரும் பதத்தில் இறக்க வேண்டும். சுட்டதும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிந்துவிடுங்கள். பிறகு ஒன்றின்மேல் ஒன்று படாமல் செங்குத்தாகச் சாய்த்து ஐந்தாறு மணி நேரம் ஆறவிடலாம். முறுக்குக்குச் சொன்ன அவசரம் இதற்கு இல்லை. அடுக்கும்போது அடுக்குக்கு நடுவே எண்ணெய் உறிஞ்சும் வெள்ளைத் தாள் வைத்தால் அடியில் எண்ணெய் தேங்காது. பத்து பன்னிரண்டு நாள் நன்றாக இருக்கும். தினம் ஒருமுறை மேலும் கீழுமாக மாற்றி அடுக்குங்கள். ஒரு அதிரசத்தில் வெள்ளையோ பச்சையோ புள்ளி தெரிந்தால் அதை மட்டும் எடுத்துப் போட்டால் போதாது. மென்மையான பண்டத்தில் பூசண இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும், அந்தப் பாத்திரம் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

ரவா லட்டைப் பால் தெளித்துப் பிடித்தால் மூன்று நாளில் தீர்க்க வேண்டும். சூடான நெய் மட்டும் விட்டுப் பிடித்தால் பத்துப் பதினைந்து நாள் தாங்கும். மாலாடு இன்னும் வசதி, பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, நெய் தவிர ஈரம் எதுவும் இல்லை, மூன்று வாரம் கெடாது. மைசூர்பாகு இரண்டு வாரம். தேங்காய் பர்பி மூன்று நான்கு நாள், திரட்டுப்பால் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம். கடலை உருண்டை, எள்ளுருண்டைக்குப் பாகு தண்ணீரில் விட்டால் உறைந்து, தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும். பதம் குறைந்தால் மழைநாளில் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டும். வெகுநாள் வைக்க வேண்டுமென்றால் பொருள்விளங்கா உருண்டையைச் செய்யுங்கள். வறுத்த மாவும் முற்றிய வெல்லப் பாகும்தான், எண்ணெய் கிடையாது. அது மாதக்கணக்கில் நிற்கும், பல்லுக்குத்தான் வேலை.

காரத்தில், முறுக்கு தட்டை சீடை மூன்று வாரம் வரை. ஓமப்பொடி, ரிப்பன் பக்கோடா, காராசேவு மெல்லியவை, காற்றுப் படும் பரப்பு அதிகம், இரண்டு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது. இதெல்லாம் மேலே சொன்னபடி செய்து வைத்தால்தான்.

எறும்புக்குப் பழைய முறையே போதும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டப்பாவை வைப்பது. தட்டு டப்பாவைவிட நாலு விரற்கடை அகலமாக இருக்கட்டும், டப்பா சுவரில் சாய்ந்திருக்கக் கூடாது, தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

நமத்துவிட்டால்

மின்னடுப்பு (ஓவன்) இருந்தால் 110 டிகிரியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி எட்டுப் பத்து நிமிடம். இல்லாவிட்டால் கனத்த தோசைக்கல்லை மிகச் சிறிய தீயில் வைத்து, முறுக்கை அடுக்கி, மூடாமல் பதினைந்து நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிவிட்டு. எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். இதைத் தெரியாமல் மேலும் சூடாக்கிக் கருக்கிவிடுவார்கள். வெயிலில் காயவைப்பது அரைமணிக்கு மேல் வேண்டாம், வெயிலின் ஒளி எண்ணெயைக் காறவைக்கும். மீட்டதை இரண்டொரு நாளில் சாப்பிட்டுவிடுங்கள்.

காறலை மூக்கே சொல்லிவிடும். டப்பாவைத் திறந்ததும் பெயின்ட் போன்ற வாடை அடித்தால், அல்லது தின்றபின் தொண்டையில் கசப்பாகக் கரகரத்தால் கெட்டுவிட்டது. மறுபடி பொரித்தாலும் வறுத்தாலும் போகாது. தூக்கிப் போடத்தான் வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் காரப் பட்சணம் வைக்க வேண்டியதில்லை. வெளியே எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த முறுக்கின்மேல் காற்றின் ஈரம் படியும். வேறு வழியில்லாமல் உறையறையில் வைத்தால், ஒரு வேளைக்குத் தேவையான அளவாகப் பையில் கட்டி வையுங்கள். எடுத்த பையை அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது ஆகும்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்புவதாக இருந்தால், சுட்ட அன்றோ மறுநாளோ கட்டிவிடுங்கள், பத்து நாள் வீட்டில் திறந்து மூடியதை அனுப்பாதீர்கள். தடித்த ஜிப் பையில் கால் கிலோ வீதம் போட்டு, காற்றை மெதுவாக அழுத்தி வெளியேற்றி மூடி, அதை இன்னொரு பையில் போட்டு, பிறகு கெட்டியான டப்பாவில் அடுக்க வேண்டும். இயந்திரத்தில் காற்றை முழுக்க உறிஞ்சினால் முறுக்கு நொறுங்கிவிடும், தட்டைக்கும் சீடைக்கும் அது சரிவரும். டப்பாவில் இடைவெளி இருந்தால் கசக்கிய வெள்ளைத் தாளை அடைத்து, மூடியபின் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று ஓசை கேட்டால் இன்னும் கொஞ்சம் தாள் அடைக்க வேண்டும்.